பிளேஸ்டேஷன் பந்தய ஆட்ட வட்டுகளை மாற்றியமைத்தல்

பிளேஸ்டேஷன் பந்தய ஆட்ட வட்டுகளை மாற்றியமைத்தல் என்பது, சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷன் ஆட்டக் கருவிக்காக இறுவட்டில் வெளியான கார்ப் பந்தய நிகழ்பட ஆட்டங்களின் தரவுகளை வீட்டுக் கணினியில் படித்தெடுத்து, திருத்தங்கள் செய்து, மீண்டும் ஆடத்தக்க வடிவில் அமைக்கும் செயலைக் குறிக்கும். கார்களின் நிறம், எஞ்சின் திறன், விலை, பரிசுத் தொகை, பின்னணி இசை, தொடக்கக் காட்சி ஆகியவை பொதுவாக மாற்றப்படுபவை ஆகும். இவ்வாட்டங்களின் மூல நிரல்களை அவற்றை உருவாக்கியவர்கள் வெளியிடவில்லை. எனவே வட்டில் உள்ள இருமத் தரவை ஆராய்ந்தே எல்லா மாற்றங்களும் செய்யப்படுகின்றன. 1999 இல் வெளியான கிரான் டூரிஸ்மோ 2 இவ்வகை மாற்றங்களுக்கு மிகுதியாக உட்பட்ட ஆட்டங்களுள் ஒன்று. இக்கட்டுரை பெரும்பாலும் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

பிளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பர் 3 அன்றும், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1995 செப்டம்பரிலும் விற்பனைக்கு வந்தது. இக்கருவியில் வன்வட்டு இல்லை. இணைய இணைப்பும் இல்லை. ஆட்டம் முழுவதும் இறுவட்டில் இருந்தது. ஆடுபவரின் முன்னேற்றம் மட்டும் 128 கிலோபைட்டு அளவுள்ள நினைவக அட்டையில் சேமிக்கப்பட்டது. ஆகவே தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட வட்டில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால், விற்கப்பட்ட படிகளை அந்நிறுவனமே கூட எட்டித் திருத்த இயலாது. புதிய வட்டை அச்சிட்டு மாற்றித் தருவது ஒன்றே வழி.

பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனம் உருவாக்கிய கிரான் டூரிஸ்மோ 2, ஜப்பானில் 1999 டிசம்பர் 11 அன்றும், வட அமெரிக்காவில் கிறித்துமசை ஒட்டி டிசம்பர் 23 அன்றும், ஐரோப்பாவில் 2000 சனவரியிலும் வெளியானது. ஏறத்தாழ 650 கார்களைக் கொண்ட இவ்வாட்டம் இரண்டு வட்டுகளில் வந்தது. ஒன்று உடனடிப் பந்தயங்களுக்கானது. மற்றொன்று ஓட்டுநர் உரிமத் தேர்வுகள், கார் வாங்குதல், பந்தயத் தொடர்கள் ஆகியவற்றைக் கொண்டது. வட அமெரிக்காவில் முதலில் விற்கப்பட்ட படிகளில் எல்லாப் பந்தயங்களிலும் வென்ற பிறகும் நிறைவு விழுக்காடு 98.2 ஐத் தாண்டவில்லை. வாங்கிச் சேர்த்த கார்கள் சேமிப்பிலிருந்து மறைந்துபோகும் பிழையும் இருந்தது. பின்னர் அச்சிடப்பட்ட படிகளில் திருத்தங்கள் செய்யப்பட்டன. பல மாதங்கள் செலவிட்டு 98.2 இல் நின்றுபோன ஒருவருக்கு, வட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

வட்டின் உள்ளமைப்பு

இறுவட்டில் உள்ள தரவு, செக்டர் எனப்படும் 2352 பைட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இசைத்தட்டு இயங்கும் வேகத்தில் நொடிக்கு 75 துண்டுகள் படிக்கப்படும். பிளேஸ்டேஷன் இரட்டை வேகத்திலும் இயங்க வல்லது. அப்போது நொடிக்கு 150 துண்டுகள் கிடைக்கும். இது நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோபைட்டு ஆகும்.

பிளேஸ்டேஷன் வட்டுகளில் இருவகைத் தரவுத் துண்டுகள் கலந்திருக்கும். நிரல், படம் முதலிய கோப்புகளுக்கான முதல் வகைத் துண்டில் 12 பைட்டு ஒத்திசைவுக் குறி, 4 பைட்டு முகவரி, 8 பைட்டு துணை முகப்பு, 2048 பைட்டு தரவு, 4 பைட்டு பிழை கண்டறியும் குறி, 276 பைட்டு பிழை திருத்தும் குறி ஆகியவை அடங்கும். இசைக்கும் அசைபடத்திற்குமான இரண்டாம் வகையில் பிழை திருத்தும் குறி இல்லை. அவ்விடமும் தரவுக்கே அளிக்கப்பட்டு, 2324 பைட்டு கிடைக்கிறது. பாட்டில் ஒரு பைட்டு பிசகினால் காது பொறுத்துக்கொள்ளும், நிரலில் பிசகினால் கருவி நின்றுவிடும் என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

புதிதாக இதில் இறங்குபவர் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வட்டுப் படிமத்தை இரும எண் திருத்தியில் திறந்து, 2048 பைட்டுத் தரவில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தால், அதே துண்டின் கடைசியில் உள்ள பிழைக் குறிகள் பழைய எண்ணுக்கு உரியவையாகவே இருக்கும். வட்டைப் படிக்கும் கருவி இதனைக் கீறலால் வந்த சிதைவு என்று கருதும். ஒரே ஒரு பைட்டு மாறியிருந்தால், திருத்தும் குறியைக் கொண்டு பழைய மதிப்பையே மீட்டுக் கொடுத்துவிடவும் கூடும். செய்த மாற்றம் கண்முன்னே கோப்பில் இருக்க, ஆட்டத்தில் மட்டும் தோன்றாத புதிர் இப்படித்தான் பிறக்கிறது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் தொடர்புடைய துண்டுகளின் குறிகளை மீண்டும் கணக்கிட வேண்டும். இதற்கெனத் தனி மென்பொருள்கள் உள்ளன. வட்டெழுதும் மென்பொருள்கள் சிலவும் எழுதும்போதே இவற்றைப் புதுப்பிக்கின்றன.

துண்டுகளுக்கு மேலே, ஐஎஸ்ஓ 9660 என்னும் பொதுவான கோப்பு முறைமை அமைந்துள்ளது. 16 ஆம் துண்டில் வட்டின் விவரக் குறிப்பு தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள துண்டுகளில் சோனியின் உரிமக் குறிப்பும், தொடக்கத்தில் திரையில் தோன்றும் பிளேஸ்டேஷன் சின்னத்தின் முப்பரிமாண வடிவமும் உள்ளன. முதன்மை அடைவில் உள்ள ஒரு சிறிய உரைக் கோப்பு, எந்த இயக்கநிரலை முதலில் ஏற்ற வேண்டும் என்பதைக் கருவிக்குச் சொல்கிறது. அந்த இயக்கநிரலின் பெயர் பெரும்பாலும் வட்டின் விற்பனைக் குறியெண்ணே ஆகும். சாதாரணக் கணினியில் வட்டை இட்டாலே இவ்வளவும் தெரியும். எந்தப் பூட்டும் இல்லை.

கிரான் டூரிஸ்மோ 2 இன் கோப்புகள்

இவ்வாட்டத்தின் அடைவைத் திறந்து பார்ப்பவருக்குச் சில கோப்புகளே தென்படும். கார்களும் பந்தயத் தடங்களும் விலைப்பட்டியலும் தனித்தனிக் கோப்புகளாக இல்லாமல், ஒரே பெரிய தொகுப்புக் கோப்பினுள் அடைக்கப்பட்டுள்ளன. அதன் தொடக்கத்தில் உட்கோப்புகளின் பெயர்களும் இடங்களும் கொண்ட அட்டவணை உள்ளது. உட்கோப்புகளில் பல, யுனிக்ஸ் உலகில் நன்கறியப்பட்ட ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டவை. தனக்கென்று ஒரு மறைமுறையை உருவாக்காமல் பொது முறை ஒன்றை இந்நிறுவனம் பயன்படுத்தியது, பின்னாளில் ஆராய்ந்தவர்களின் வேலையைப் பெரிதும் எளிதாக்கியது எனலாம்.

ஒவ்வொரு காருக்கும் பகல் தோற்றத்திற்கும் இரவுத் தோற்றத்திற்கும் தனித்தனி வடிவக் கோப்புகளும், அவற்றின்மேல் போர்த்தப்படும் படக் கோப்புகளும் உள்ளன. எஞ்சின், பற்சக்கர விகிதம், எடை, தடுப்பான், விலை முதலியவை வேறொரு கோப்பில் அட்டவணைகளாக உள்ளன. பிளேஸ்டேஷனின் மையச் செயலியில் தசம எண்களைக் கையாளும் தனி அலகு இல்லை. ஆதலால் இத்தகைய அளவுகள் முழு எண்களாக அளவிடப்பட்டே சேமிக்கப்படுகின்றன.

எண்களைத் தேடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டத்தில் உள்ள சுசுகி எஸ்குடோ பைக்ஸ் பீக் காரின் விலை 2,000,000 ஆகும். இவ்வெண் நான்கு பைட்டுகளில், சிறிய மதிப்பு முன்னே வரும் வரிசையில், 128, 132, 30, 0 என்று அமையும். (128 + 132×256 + 30×65,536 = 2,000,000.) ஆனால் இந்த நான்கு பைட்டுகளை வட்டுப் படிமத்தில் நேரடியாகத் தேடிப் பயனில்லை. தரவு சுருக்கப்பட்டிருப்பதால் அவை அவ்வடிவில் அங்கே இல்லை. முதலில் தொகுப்பைப் பிரித்து, உட்கோப்பை விரித்து, அதன்பின் தேட வேண்டும்.

இடப் பற்றாக்குறை

திருத்தும் வேலையில் பெரும்பகுதி இடத்தோடு நடத்தும் போராட்டமே. தொகுப்பினுள் ஒவ்வோர் உட்கோப்பும் 2048 பைட்டின் மடங்கில் தொடங்குகிறது. சுருக்கிய பின் 9,100 பைட்டு உள்ள கோப்பு ஒன்றுக்கு ஐந்து துண்டுகள், அதாவது 10,240 பைட்டு ஒதுக்கப்படும். மீதியுள்ள 1,140 பைட்டு வெற்றிடமே திருத்துபவருக்குக் கிடைக்கும் உரிமை. திருத்தப்பட்ட கோப்பு அதற்குள் அடங்கினால் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். ஒரு பைட்டு மிஞ்சினாலும் அடுத்த கோப்பின் தொடக்கம் அழிந்துவிடும்.

மாற்றப்பட்ட எண்களின் எண்ணிக்கை அதேயாக இருந்தாலும், சுருக்கிய அளவு அதேயாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திரும்பத் திரும்ப வரும் மதிப்புகள் நன்கு சுருங்கும். பலவகையான மதிப்புகள் சுருங்கா. எல்லாக் கார்களுக்கும் ஒரே விலை வைத்தால் கோப்பு சிறியதாகும். ஒவ்வொன்றையும் நுணுக்கமாக மாற்றினால் பெரியதாகும். கூடுதல் நேரம் எடுத்து இறுக்கமாகச் சுருக்கும் மென்பொருளைக் கொண்டு சில நூறு பைட்டுகளை மீட்பதும் உண்டு.

அதுவும் போதாதபோது தொகுப்பு முழுவதையும் மறுபடி கட்டி, அட்டவணையில் உள்ள எல்லா இடக் குறிப்புகளையும் புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்னொரு சிக்கல் எழும். பிளேஸ்டேஷன் ஆட்டங்கள் பல, கோப்புகளைப் பெயரால் தேடாமல், வட்டில் இத்தனையாவது துண்டு என்ற எண்ணால் நேரடியாக அணுகுகின்றன. மெதுவான வட்டில் அடைவைத் தேடும் நேரத்தை மிச்சப்படுத்தச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. தொகுப்பு நீண்டு, அடுத்துள்ள கோப்புகள் பின்னுக்குத் தள்ளப்பட்டால், இயக்கநிரலில் எழுதப்பட்டுள்ள அவ்வெண்களையும் கண்டுபிடித்து மாற்ற வேண்டியிருக்கும். இதனால் அனுபவம் உள்ளவர்கள் பெரிதாகும் கோப்பை வட்டின் கடைசிக்கு நகர்த்துவதையே விரும்புகின்றனர்.

இதற்கு நேர்மாறாக, காரின் நிறத்தை மாற்றுவது மிகச் சிறிய வேலை. பிளேஸ்டேஷன் ஆட்டங்களில் மேற்பரப்புப் படங்கள் பெரும்பாலும் 16 நிறங்கள் கொண்ட வண்ண அட்டவணையைச் சுட்டும் எண்களாகவே உள்ளன. ஒரு நிறத்துக்கு 2 பைட்டு வீதம் அட்டவணை முழுவதும் 32 பைட்டே. படத்தைத் தொடாமல் இந்த 32 பைட்டுகளை மட்டும் மாற்றி, சிவப்புக் காரை நீலமாக்கலாம்.

இசையை மாற்றுதல்

பந்தய ஆட்டங்களில் இசை மூன்று வழிகளில் சேமிக்கப்பட்டது. முதலாவது, இசைத்தட்டில் உள்ளது போன்ற தனித் தடங்கள். நாம்கோ நிறுவனத்தின் ரிட்ஜ் ரேசர் (1994), சைக்னோசிஸ் நிறுவனத்தின் வைப்அவுட் (1995) ஆகியவை இவ்வகையின. வைப்அவுட் வட்டைச் சாதாரண இசைத்தட்டுக் கருவியில் இட்டு, தரவு உள்ள முதல் தடத்தைத் தவிர்த்து, பாடல்களைக் கேட்க இயலும்.

ரிட்ஜ் ரேசரில் கணினியே தேவைப்படவில்லை. ஆட்டம் முழுவதும் கருவியின் 2 மெகாபைட்டு நினைவகத்தில் ஏறிவிடுவதால், அதன்பின் வட்டு பாட்டுக்காக மட்டுமே சுழல்கிறது. மூடியைத் திறந்து அவ்வட்டை எடுத்துவிட்டு, வீட்டில் உள்ள ஏதேனும் இசைத்தட்டை வைத்தால் பந்தயம் அந்தப் பாட்டோடு நடக்கும். வட்டைத் தொடாமலே வட்டை மாற்றும் இம்முறையை, இத்துறையின் மிக எளிய மாற்றம் என்று சொல்லலாம்.

இரண்டாவது வழி, முன்னர்க் கூறிய இரண்டாம் வகைத் துண்டுகளில் சுருக்கப்பட்ட ஒலியைப் பின்னி வைப்பது. 37,800 எர்ட்சு மாதிரி வீதத்தில் உள்ள இருசெவி ஒலிக்கு நொடிக்கு 18.75 துண்டுகள் தேவை. வட்டு 150 துண்டுகளைத் தருவதால், எட்டுப் பாடல்களை ஒரே பாதையில் அருகருகே பின்ன முடிகிறது. ஆதலின் இதில் ஒரு பாடலை மாற்றுபவர், ஒவ்வோர் எட்டாவது துண்டையும் எடுத்து, மற்ற ஏழும் கலையாமல் மாற்ற வேண்டும். புதிய பாடல் பழையதைவிட நீளமாக இருக்கவும் கூடாது. மூன்றாவது, இசைக்குறிகளையும் கருவியொலி மாதிரிகளையும் கொண்டு ஆட்டமே இசைப்பது. இதற்கு இடம் குறைவு. ஆனால் ஒலிக்கான நினைவகம் 512 கிலோபைட்டு மட்டுமே.

தொடக்கக் காட்சியும் இவ்வாறு மாற்றப்படுவதுண்டு. கிரான் டூரிஸ்மோ 2 இன் ஜப்பானியப் பதிப்பு மசாகிரோ ஆண்டோவின் மூன் ஓவர் தி காசில் என்னும் இசையுடனும், மேலைப் பதிப்புகள் தி கார்டிகன்ஸ் குழுவின் மை ஃபேவரிட் கேம் பாடலுடனும் தொடங்குகின்றன. ஒன்றின் காட்சியை மற்றொன்றில் அமைக்க விரும்புவோர் இரு சாராரிலும் உள்ளனர்.

நெளிவுக் குறியும் எழுதப்பட்ட வட்டுகளும்

திருத்திய படிமத்தை வெற்று வட்டில் எழுதி, மாற்றப்படாத பிளேஸ்டேஷனில் இட்டால் அது இயங்காது. பிளேஸ்டேஷன் வட்டுகளின் அடிப்புறக் கருநிறமே காப்பு என்று பரவலாக நம்பப்பட்டது. அது உண்மையன்று. அக்கருப்பு, படிக்கும் அகச்சிவப்பு ஒளிக்கு ஊடுருவத்தக்கதே.

உண்மையான காப்பு வட்டின் தொடக்கப் பகுதியில் உள்ளது. அங்கே தடம் சீராகச் செல்லாமல் பக்கவாட்டில் மிக நுண்ணியதாக நெளிகிறது. அந்நெளிவில் நான்கு எழுத்துகள் கொண்ட குறி பதிக்கப்பட்டுள்ளது. ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, வட அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. கருவி இக்குறியைப் படித்துத் தன் வட்டாரத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஆட்டத்தை ஏற்றுகிறது. வெற்று வட்டில் தடத்திற்கான பள்ளம் தயாரிப்பிலேயே வார்க்கப்பட்டுவிடுகிறது. எழுதும் கருவி அப்பள்ளத்தைப் பின்தொடர்ந்து செல்லுமேயன்றி அதனை நெளிக்க வல்லதன்று. அதாவது, தரவைப் பைட்டு பிசகாமல் நகலெடுத்தாலும் குறி வராது. ஏனெனில் அது தரவிலேயே இல்லை.

இதனைத் தாண்ட 1990களில் மாட்சிப் எனப்படும் சிறிய நுண்கட்டுப்படுத்திச் சில்லுகள் கருவியினுள் பற்றவைக்கப்பட்டன. அவை குறியின் மின்வடிவைத் தாமே உருவாக்கிச் செலுத்தின. குறி வரக்கூடாத நேரத்திலும் வருகிறதா என்று பின்னாளைய ஆட்டங்கள் சில சோதிக்கத் தொடங்கியதும், தேவையான பொழுது மட்டும் பேசிப் பின்னர் அடங்கிவிடும் சில்லுகள் வந்தன. உண்மை வட்டைக் காட்டி, சோதனை முடிந்த கணத்தில் எழுதிய வட்டை மாற்றும் முறையும் இருந்தது. சுழலும் வட்டைக் கையால் பிடுங்குவதால் கருவிக்குக் கேடு விளையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2021 இல் வெளியான டோனிஹாக்ஸ், ஃப்ரீபிஎஸ்எக்ஸ்பூட் ஆகியவை சில்லு ஏதுமின்றி, நினைவக அட்டையில் இட்ட தரவின் வழியே இச்சோதனையைக் கடக்க வழிசெய்தன. இவற்றுக்குப் புறம்பாக, கணினியில் இயங்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் நெளிவுக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. திருத்துபவர்கள் பெரும்பாலும் முதலில் அவற்றிலேயே சோதித்துப் பார்க்கின்றனர். எனினும் எமுலேட்டர்கள் சில பிழைக் குறிகளைச் சரிபார்க்காமலும், வட்டைத் தேடும் நேரத்தைக் கணக்கிடாமலும் விட்டுவிடுவதால், அங்கே இயங்கிய படிமம் உண்மைக் கருவியில் நின்றுபோவது உண்டு.

சட்ட நிலை

ஒரே செயல் நாட்டுக்கு நாடு வெவ்வேறாக மதிப்பிடப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1998 இன் எண்மிய ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், காப்பு ஏற்பாடுகளைத் தாண்டுவதையும் அதற்கான கருவிகளை விற்பதையும் தடை செய்தது. எமுலேட்டர்களைப் பொறுத்தவரை, 2000 ஆம் ஆண்டில் சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், ஒத்தியங்கும் மென்பொருளை உருவாக்குவதற்காகப் பிளேஸ்டேஷனின் உள்நிரலை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2004 இல் மாட்சிப் விற்றவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

ஆசுத்திரேலியாவில் நடந்த ஸ்டீவன்ஸ் எதிர் சோனி வழக்கு தனிக் கவனத்திற்கு உரியது. 2005 அக்டோபரில் அந்நாட்டு உயர்மன்றம், நெளிவுக் குறிச் சோதனை நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, நகலெடுத்த பின் ஆடுவதையே தடுக்கிறது, ஆகவே அப்போதிருந்த சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட தொழில்நுட்ப ஏற்பாடு ஆகாது என்று முடிவு செய்தது. மேலே விளக்கிய பொறியியல் நுணுக்கமே தீர்ப்பின் அச்சாக அமைந்தது. 2006 இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, அணுகலைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளும் பாதுகாப்பின் கீழ் வந்தன.

ஒட்டுக் கோப்புகள்

திருத்திய படிமத்தை முழுமையாகப் பிறருக்கு வழங்குவது பதிப்புரிமை மீறல் ஆகும். ஆதலால் மூலத்திற்கும் திருத்தியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கொண்ட ஒட்டுக் கோப்புகளே பரிமாறப்படுகின்றன. பிளேஸ்டேஷனுக்கென்றே பிபிஎஃப் என்னும் ஒட்டு வடிவம் உருவாக்கப்பட்டது. பொதுப் பயன்பாட்டிற்கான எக்ஸ்டெல்டாவும் இப்போது பரவலாக உள்ளது. ஆட்டத்தை வைத்திருப்பவர் தம் வட்டைத் தாமே படித்தெடுத்து, ஒட்டை அதன்மேல் பொருத்திக்கொள்வார். சில மெகாபைட்டு ஒட்டு, 600 மெகாபைட்டு படிமத்தை மாற்றிவிடும். இதனால் சட்டச் சிக்கல் முற்றும் நீங்கிவிட்டது என்று கொள்ளலாகாது. டியூக் நியூக்கெம் 3டி ஆட்டத்திற்கான கூடுதல் கட்டங்களைத் தொகுத்து விற்றது குறித்த வழக்கில், அவையும் மூல ஆட்டத்தின் வழிப்பட்ட ஆக்கங்களே என 1998 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியுள்ளது.

ஒட்டு பொருந்துவதற்கு, அது எந்தப் படிமத்தைக் கொண்டு செய்யப்பட்டதோ அதே படிமம் வேண்டும். கிரான் டூரிஸ்மோ 2 க்கு வட்டாரப் பதிப்புகள் பல. வட அமெரிக்கப் பதிப்பிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகள் உள்ளன. 98.2 இல் நிற்கும் அச்சுக்கும் திருத்தப்பட்ட அச்சுக்கும் துண்டுகளின் உள்ளடக்கம் வேறுபடும். எனவே படித்தெடுத்த படிமத்தின் சரிபார்ப்புத் தொகையை, ரீடம்ப் போன்ற தன்னார்வலர் பட்டியல்களில் உள்ளதோடு ஒப்பிட்ட பின்னரே ஒட்டைப் பொருத்துவது வழக்கம். மூலப் படிமத்தின் மாறாத படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது. பல ஒட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய படிமத்தைப் பின்னோக்கிக் கொண்டுவருவது கடினம்.

சேமிப்புக் கோப்புகளும் இவ்வாறே. கார்களின் பட்டியலையோ பந்தயங்களின் வரிசையையோ மாற்றும் ஒட்டைப் பொருத்திய பின், பழைய சேமிப்பை ஏற்றினால் தவறான கார்கள் தோன்றலாம், அல்லது ஆட்டம் நின்றுவிடலாம். இக்காரணத்தால் மாற்றிய வட்டுக்கென வேறொரு நினைவக அட்டை ஒதுக்கப்படுகிறது.